சத்து மாத்திரைதானே டாக்டரம்மா!

கம்பத்துல கிளினிக் வச்சிருக்கேன், கேரளா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போயிட்டு வர்ற பொம்பளைங்கதான் பாதிக் கூட்டம். ஜிங்க் (துத்தநாகச் சத்து) மாத்திரைய இஷ்டத்துக்குப் போட்டுட்டு இந்த மாசம் மட்டும் வந்ததுல இன்னைக்கு வந்தவங்க மூணாவது ஆளு, அதான் எழுதிடறேன்.

28 வயசு. பீரியட்ஸ் வலிக்கு ஆறு மாசமா தினம் ரெண்டு ஜிங்க் மாத்திரை, யாரோ ரீல்ஸ்ல சொன்னாங்களாம். விடியக்காலம் வெறும் வயித்துல கட்டஞ்சாயாவோட போட்டுட்டு ஜீப்பு ஏறினா கம்பம்மெட்டு வளைவுல வாந்தி, திட்டு வாங்கறது டிரைவரு. வெறும் வயித்துல ஜிங்க் போட்டா வீட்டுல உக்காந்திருந்தாலே குமட்டும்மா, அவரு என்ன பண்ணுவாரு!

"சத்து மாத்திரைதானே டாக்டரம்மா, கூடப் போட்டா நல்லதுதானே." இதைக் கேட்டா எனக்கே பிரஷர் ஏறுது. உப்பு கூடத்தான் உடம்புக்கு வேணும், அதுக்காக கொழம்புல ரெண்டு கை அள்ளிப் போடுவீங்களா? நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 13 மில்லிகிராம் சொச்சம், சாப்பாட்டுலயும் அது வருது. பெரியவங்களுக்கு மேல் வரம்பு 40. கோவிட் நேரத்துல எல்லார் சீட்டுலயும் எழுதினோமே (நாங்கதான் பழக்கிவிட்டோம், ஒத்துக்கறேன்), அந்த மாத்திரை ஒண்ணே 50. மாசக்கணக்கா இப்படிப் போட்டா உடம்புல காப்பர் இறங்கிடும், அப்புறம் ரத்தம் ஊறாது, சிலருக்கு கால் மரத்து நடையே தள்ளாடும். இதுல அயர்ன் மாத்திரையையும் சேத்து ஒரே வாயில முழுங்கறாங்க, ரெண்டும் குடல்ல முட்டி மோதும். இவங்களுக்கு ஹீமோகுளோபின் 8 தாண்டல.

ஜிங்க் சுத்த வேஸ்ட்னு சொல்லல. சின்னச் சின்ன ஆய்வுல வலி குறைஞ்சிருக்கு, பல ஆய்வுகளைச் சேத்து எடைபோடற காக்ரேன் அமைப்போட 2016 அலசல்லயும் ஜிங்க் சல்ஃபேட் பேர் வருது, ஆனா ஆதாரம் பலமா இல்லன்னும் அதுலயே இருக்கு. பீரியட்ஸ் வலிக்கு நாங்க எழுதற மெஃபெனமிக் ஆசிட் மாத்திரை போட்டா கர்ப்பப்பை கெட்டுரும்னு பயந்துட்டு இதைப் பிடிச்சுக்கறதுதான் கொடுமை. கெடாதும்மா. அல்சர், கிட்னி, ஆஸ்துமா இல்லாதவங்க, கர்ப்பமும் இல்லன்னா, சாப்பிட்டுட்டு வலி ஆரம்பிக்கறப்பவே போடுங்க, துடிச்சு முடிச்சப்புறம் இல்ல.

இவங்களுக்கு ஸ்கேன் பண்ணினா இடது பக்கம் சாக்லேட் சிஸ்ட், அதாவது சினைப்பையில பழைய ரத்தம் தேங்கின கட்டி. ஆறு மாசம் போச்சு.

வலி மாசாமாசம் கூடுதா, மலம் போறப்பவோ புருஷன்கூட சேர்றப்பவோ வலிக்குதா, நாப்கின் மணிக்கொண்ணு நனையுதா, உடனே வாங்க. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் போட்டுட்டு இருந்தா கூடவே ஜிங்க் போடாதீங்க, ஆன்டிபயாடிக் சரியா வேலை செய்யாது. வர்றப்ப மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வாங்க தாயி, பேரு இருக்கற பக்கத்தோட. கடைக்காரர் வெட்டிக் குடுத்த மூலைய நீட்டி "வெள்ளையா இருக்கும்"னா நான் எதைக் கண்டுபிடிப்பேன்?