மதகில்லாத மின்நிலையம்: விமானத்துக்குள் மின்சாரம்

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடல்விமானம் வந்திறங்குவதுண்டு. நோர்வூட் பக்கத்துத் தேயிலைச் சரிவில் நின்று பார்த்தால், மிதவைகளால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது வந்து நிற்பது தெரியும். அது இறங்குவது மின்சாரத்துக்காகத் தேக்கி வைத்த தண்ணீரில். அந்தத் தண்ணீர் மலைக்குள் குடைந்த வழியாக நோர்ட்டன் பிரிட்ஜ் போய், விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றி, அப்புறம் லக்ஷபான, பொல்பிட்டிய என்று இறங்க இறங்க மறுபடியும் மின்சாரம் தந்துகொண்டே போகும்.

அதன்மேல் மிதக்கும் விமானத்துக்குள்ளும் ஒரு மின்நிலையம் இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்: காந்தத்தையும் கம்பிச்சுருளையும் ஒன்றுக்கொன்று எதிரே சுழல வைத்தால் மின்னோட்டம் கிடைக்கும். ஆனால் மலையில் இருக்கும் மின்நிலையத்துக்கு மதகு உண்டு. தண்ணீரைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும். விமானத்தின் ஜெனரேட்டருக்கு அந்த உரிமை கிடையாது. அது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பவர் விமானி. அவர் பறப்பதற்காக வேகத்தைக் கூட்டுவார், இறங்குவதற்காகக் குறைப்பார். மின்சாரத்துக்கு என்ன ஆகும் என்பது அவர் கவலை இல்லை. விமான மின்சாரத்தில் காணும் விநோதமான ஏற்பாடுகளில் பாதி இதனால் வந்தவை. மீதிப் பாதிக்கு எடைதான் காரணம்.

சிறிய விமானத்திலிருந்து தொடங்குவோம். செஸ்னா கரவன் போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் எல்லாம் 28 வோல்ட் நேரோட்டம், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஒரே இயந்திரம் இரண்டு வேலை பார்க்கும். முதலில் பற்றரியிலிருந்து மின்சாரம் வாங்கி எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் அதுவே ஜெனரேட்டராகி 200 அம்பியர் வரை தரும். பற்றரி 24 வோல்ட். அதற்குள் மின்னேற்ற வேண்டுமானால் சற்று உயர்ந்த அழுத்தத்தில் தள்ள வேண்டும், அதனால்தான் 28. நேரோட்டம் என்பதால் வேகம் ஏறி இறங்கினாலும் பெரிய சிக்கல் இல்லை. காந்தப்புலத்தின் வலுவைக் கூட்டிக் குறைத்து வோல்ட்டை நிலையாக வைத்தால் போதும்.

பெரிய விமானத்துக்கு இது சரிவராது. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கும் ஏ320 ரக விமானத்தில் எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 90 கிலோவோல்ட்-அம்பியர் (வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கி வரும் திறன் அளவு). அந்தத் திறனை 28 வோல்ட்டில் அனுப்பினால் 3,200 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதைத் தாங்கும் செம்புக் கம்பியை இறக்கையிலிருந்து உடல்வரை இழுத்தால் அதன் எடையே பெரும் சுமையாகிவிடும். 115 வோல்ட், மூன்று கட்ட ஆடலோட்டமாக, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாக மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பினால் கட்டத்துக்கு 260 அம்பியர்தான். ஆடலோட்டத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. அது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பூச்சியத்தைத் தொடுவதால், ஆளியைத் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைய வாய்ப்புக் கிடைக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் இது சின்ன விஷயமே இல்லை.

சரி, ஆடலோட்டம் என்று முடிவெடுத்தவுடன் மீடிறன் என்ற கேள்வி வந்துவிடுகிறது. மீடிறன் என்பது மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை முறை போய்த் திரும்புகிறது என்ற எண்ணிக்கை. நம் வீட்டு மின்சாரத்தில் அது 50 ஹேர்ட்ஸ். ஜெனரேட்டர் சுழலும் வேகம் மாறினால் மீடிறனும் மாறும். அதை நிலையாக வைப்பது எப்படி?

லக்ஷபானவில் ஜெனரேட்டரைச் சுழற்றும் பெல்டன் சக்கரத்தின்மேல் நீர்த்தாரை பாயும் குழாய்முனையில் ஒரு ஊசி இருக்கிறது. நாடு மாலையில் விளக்கைப் போட்டதும் சக்கரம் சற்றே தளரும். கட்டுப்படுத்தி ஊசியைப் பின்னுக்கு இழுத்துத் தண்ணீரைக் கூட்டும். அதாவது மூலத்தையே திருத்துவது. மலையகத்தில் ஓடைத் தண்ணீரில் ஓடும் கிராமத்துச் சிறு மின்திட்டங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தண்ணீர் ஒரே அளவில் பாய்ந்துகொண்டிருக்கும். வீடுகளில் பாவனை குறைந்தால், மிஞ்சும் மின்சாரத்தை ஒரு மின்னணுப் பெட்டி வெப்பச்சுருளுக்குத் திருப்பிவிடும். ஜெனரேட்டரின் பக்கமிருந்து பார்த்தால் சுமை எப்போதும் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். குறைந்த செலவில் இவ்வளவு உறுதியாக வேலை செய்யும் இந்த யோசனைமேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

விமானத்தில் இரண்டுமே நடக்காது. எஞ்சினைத் தொடக்கூடாது, சுமையை மாற்றியும் பயனில்லை, ஏனென்றால் பல்லாயிரம் குதிரைவலு கொண்ட எஞ்சினுக்கு ஜெனரேட்டர் ஒரு தூசு. மிச்சம் இருப்பது நடுவில் திருத்துவது. எஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே நிலைவேக இயக்கி என்ற பெட்டியை வைக்கிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் வேகம், எஞ்சின் சும்மா ஓடும் நிலைக்கும் மேலெழும் நிலைக்கும் இடையில் ஏறக்குறைய இருமடங்கு மாறும். பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத் தொகுதி இரண்டு வேகங்களைக் கூட்டித் தருகிறது: ஒன்று எஞ்சினின் வேகம், மற்றது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஒரு சிறு மோட்டாரின் வேகம். அந்த மோட்டாருக்கு எண்ணெய் தரும் பம்பில் சாய்வை மாற்றக்கூடிய தட்டு ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவானால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து மோட்டார் வேகத்தைக் கூட்டும். எஞ்சின் வேகமானால் மறுபக்கம் சாய்ந்து, மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று மிகையைக் கழிக்கும். வெளியே வரும் தண்டுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. ஒரே வேகத்தில் சுழலும். இயந்திரவியலில் எனக்கு மிகப் பிடித்த பெட்டி இது. கணினி இல்லாத காலத்திலேயே, எண்ணெயும் பல்லும் மட்டும் வைத்துச் சாதித்தது. 1946ல் முதன்முதல் பறந்த அமெரிக்க பி-36 குண்டுவீச்சு விமானத்திலேயே இந்த முறை இருந்தது.

இந்தப் பெட்டி சூடேறினாலோ எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ விமானி ஓர் ஆளியை அழுத்தி, எஞ்சினிலிருந்து அதை இயந்திர ரீதியாகவே கழற்றிவிடலாம். ஆனால் வானில் மறுபடி பூட்ட முடியாது. தரையிறங்கிய பிறகுதான். அதனால்தான் அந்த ஆளிக்கு மேல் மூடி போட்டிருக்கிறார்கள்.

போயிங் 787 இன்னொரு வழியில் போனது. மீடிறன் மாறினால் மாறட்டும் என்று விட்டுவிட்டது. ஜெனரேட்டர் நேராக எஞ்சினோடு இணைகிறது, மீடிறன் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. நிலையான மீடிறன் வேண்டிய கருவிகளுக்கு மின்னணுச் சாதனங்கள் அதைத் தனியே தயாரித்துக் கொடுக்கின்றன. எஞ்சினுக்கு இரண்டாக நாலு ஜெனரேட்டர்கள், வால்பகுதியில் இன்னும் இரண்டு, எல்லாம் சேர்ந்து 1,450 கிலோவோல்ட்-அம்பியர். நம் மலையோடைகளில் உள்ள ஒரு மினி நீர்மின் நிலையத்தின் அளவு. பழைய விமானங்கள் எஞ்சினிலிருந்து சூடான அழுத்தக் காற்றை எடுத்துச் செய்த வேலைகளில் பெரும்பகுதியை இது மின்சாரத்தால் செய்வதால்தான் இவ்வளவு தேவைப்படுகிறது.

நிலைவேக இயக்கி உள்ள விமானங்களில் மீடிறன் 400. நம் வீட்டைப் போல எட்டு மடங்கு. ஏன்? எடைதான். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதை மீடிறன் தீர்மானிக்கிறது. மற்றதெல்லாம் சமமாக இருந்தால், மீடிறன் எட்டு மடங்கானதும் இரும்பின் குறுக்குப்பரப்பு எட்டில் ஒரு பங்கு போதும். மோட்டார்களும் ஜெனரேட்டர்களும் இதேபோல் சிறுத்துவிடும். இரண்டு காந்தமுனை உள்ள ஜெனரேட்டர் 400 ஹேர்ட்ஸ் தர நிமிடத்துக்கு 24,000 முறை சுழல வேண்டும், நான்குமுனை என்றால் 12,000. இவ்வளவு நல்லதென்றால் நாட்டுக்கே 400 வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மீடிறன் கூடக்கூட நீண்ட கம்பிகள் மின்னோட்டத்தை அதிகம் தடுக்கும். லக்ஷபானவிலிருந்து கொழும்புக்கு அப்படி அனுப்பினால் வழியிலேயே வோல்ட் சரிந்துவிடும். விமானத்தில் தூரம் சில பத்து மீட்டர்தான், அதனால் பாதகமில்லை.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மலையில் வாழ்பவர்களுக்கு அது ஓரளவு தெரிந்த சங்கதி. பீதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 1,000 மீட்டருக்கு மேலே பொருத்தும் மின்கருவிகளின் திறனைக் குறைத்துக் கணிப்பது பொறியியலாளர் வழக்கம், ஏனென்றால் மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகவே வாங்கிக்கொள்ளும், மின்பொறியையும் குறைவாகவே தடுக்கும். விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் கால் பங்குகூட இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானங்கள் உயரப் பறக்கத் தொடங்கியபோது இன்னொரு தொல்லையும் வந்தது. ஜெனரேட்டரின் சுழலும் பகுதியைத் தொட்டபடி மின்சாரம் கடத்தும் கரித் தூரிகைகள், கீழே நீண்டகாலம் உழைத்தவை, மேலே சீக்கிரமே தூளாகிப் போயின. கரி வழுக்கிச் செல்ல மெல்லிய ஈரப்படலம் தேவை. மேலே காற்றில் ஈரமே இல்லை. இன்றைய பெரிய விமானங்களில் தூரிகையே கிடையாது. சுழலும் தண்டிலேயே ஒரு சிறு துணை ஜெனரேட்டரையும் அதன் மின்சாரத்தை நேரோட்டமாக்கும் டயோடுகளையும் பொருத்தி, தொடாமலே வேலையை முடிக்கிறார்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது நினைவிருக்கும். பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதில் தொடங்கியது என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். கரையோரத்தில் நடந்த ஒரு கோளாறு ஹட்டனையும் பண்டாரவளையையும் இருட்டாக்கக் காரணம், தீவின் எல்லா மின்நிலையங்களும் ஒரே வலையில், ஒரே தாளத்தில் சுழல்வது. அந்த இணைப்பு பலம், ஏனென்றால் ஒன்று தளர்ந்தால் மற்றவை தாங்கும். தாங்க முடியாத அளவுக்குப் போனால் எல்லாம் சேர்ந்து விழும்.

ஏ320 போன்ற விமானங்கள் இணைப்பதே இல்லை. நாலு எஞ்சின் 747ல் ஜெனரேட்டர்களைச் சேர்த்து ஓட்டும் முறை உண்டு, ஆனால் இரண்டு எஞ்சின் விமானங்களில் பிரித்து வைப்பதே வழக்கம். இடது ஜெனரேட்டர் முதலாம் பஸ்பாருக்கு (கருவிகளுக்கு மின்சாரம் பிரியும் தடித்த உலோகப் பட்டை), வலது இரண்டாவதற்கு. தலைமை விமானியின் திரைகள் ஒரு பக்கத்தில், துணை விமானியின் திரைகள் மறுபக்கத்தில். ஒன்றில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மற்றது அதை உணரக்கூடாது. நீங்களே இதைக் கண்ணால் பார்த்திருக்கலாம்: புறப்படும் நேரத்தில் சில விமானங்களில் விளக்குகள் ஒரு கணம் அணைந்து எரியும். தாளம் ஒத்துப்போகாத இரண்டு மூலங்களை ஒரு கணம்கூடச் சேர்க்க முடியாது என்பதால், தரையில் மின்சாரம் தந்த மூலத்தைக் கழற்றிய பிறகே எஞ்சின் ஜெனரேட்டரைப் பூட்டுகிறார்கள்.

ஒரு ஜெனரேட்டர் செத்தால் மற்றது இரண்டு பக்கத்தையும் ஏற்கும். அப்போது முதலில் பலியாவது சமையலறை. 2022ல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோது ஊர்களை எழுத்துவாரியாகப் பிரித்து முறைவைத்து வெட்டினார்கள். விமானத்தில் முறையே கிடையாது. எது இல்லாமல் பறக்கலாம் என்ற வரிசை மட்டும்தான், அதை வடிவமைக்கும்போதே எழுதிவிடுகிறார்கள்.

இரண்டும் செத்தால், விமானத்தின் அடிப்பகுதியிலிருந்து ஒரு சிறு காற்றாடி தானாகவே வெளியே விழும். எதிர்க்காற்று அதைச் சுழற்றும், அது எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கும், அந்த அழுத்தம் 5 கிலோவோல்ட்-அம்பியர் அவசர ஜெனரேட்டரை ஓட்டும். அது தயாராகும் சில செக்கன்களுக்குப் பற்றரிகள் தாங்கும். 90க்கு 5. தலைமை விமானியின் திரைகள், ஒரு வானொலி, பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினிகளில் சில, இவ்வளவுக்குத்தான் போதும். வேகம் குறையக் குறையக் காற்றாடியும் தளர்வதால், தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் மறுபடியும் பற்றரிதான் துணை.

இவற்றுக்கெல்லாம் அப்பால், வாலில் ஒரு துணை எஞ்சின் இருக்கிறது. தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தருவது அதன் அன்றாட வேலை. ஏ320ல் அதன் ஜெனரேட்டரும் 90 கிலோவோல்ட்-அம்பியர், எஞ்சினில் உள்ளவற்றுக்குச் சமம். 2009 ஜனவரி 15 அன்று நியூயோர்க்கில் புறப்பட்ட ஓர் ஏ320, வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சின்களின் உந்துதலையும் ஏறக்குறைய முழுதாக இழந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் துணை எஞ்சினைக் கிளப்பும் கட்டம் வெகு பின்னால் இருந்தும், தலைமை விமானி சல்லன்பெர்கர் முதல் வேலைகளில் ஒன்றாக அதைக் கிளப்பினார். அதனால் மின்சாரம் அறவில்லை, பறப்புக் கணினிகள் முழு வலுவோடு இருந்தன. விமானம் வேகம் இழந்து குப்புற விழாமல் காக்கும் பாதுகாப்பும் அந்தக் கணினிகளுக்குள்தான் இருக்கிறது. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. உள்ளே இருந்த 155 பேரும் உயிர் தப்பினார்கள்.