டபுள்டு டை: அச்சு இரட்டலும் அச்சு நழுவலும்

நாணயத்தில் உருவம் பதிக்கும் எஃகு அச்சுக்கு ஆங்கிலத்தில் ‘டை’ என்று பெயர். அந்த அச்சில் நேரும் ஒரு பிழையை நாணயம் சேகரிப்பவர்கள் ‘டபுள்டு டை’ என்பார்கள். இந்தத் தொடரில் நடுவே வரும் ‘டு’ பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடுகிறது. ‘டபுள் டை’ என்றால் இரண்டு டை. ‘டபுள்டு டை’ என்றால் உருவம் இரட்டித்துப்போன ஒரே ஒரு டை. தமிழில் இதை ‘இரட்டை அச்சு’ என்று எழுதும் வழக்கம் அந்த விழுங்கலின் தொடர்ச்சிதான். இரட்டை மாட்டு வண்டி என்றால் மாடு இரண்டு. இரட்டை அச்சு என்றாலும் அச்சு இரண்டு என்றுதான் படிப்பவருக்குப் படும். இங்கே அச்சு ஒன்று. அதில் இருக்கும் உருவம்தான் இரண்டு. ஆகவே ‘இரட்டித்த அச்சு’ என்பதே பொருளுக்கு நேரான தொடர். அந்தப் பிழைக்குப் பெயராகச் சொல்வதானால் ‘அச்சு இரட்டல்’.

‘டை’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பன்மை ‘டைஸ்’, அதாவது பகடை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் பகடைக்காயைக் குறித்து, பிறகு உலோகத்தில் உருவம் பதிக்கும் கட்டைக்கும் ஆகிவந்தது. தமிழின் ‘அச்சு’க்கு நாணயத்தோடு உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில் ‘ஆனை அச்சு’, ‘பழஞ்சலாகை அச்சு’ என்று நாணயத்துக்கே அது பெயராக வருகிறது. நாணயம் அடிக்கும் இடத்துக்கு ‘அக்கசாலை’ என்ற பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு. ஆகவே டை என்பதற்குப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. ‘ஹப்’ என்பதற்குத்தான் வேண்டும்.

ஹப் என்பது என்ன? நாணயத்தில் உருவம் மேலெழுந்து நிற்க வேண்டுமானால் அதை அடிக்கும் அச்சில் உருவம் குழிந்து, இடவலம் மாறி இருக்க வேண்டும். அந்தக் குழிவை ஒவ்வோர் அச்சிலும் கையால் வெட்டுவதில்லை. நாணயத்தைப் போலவே உருவம் புடைத்து நிற்கும் ஓர் எஃகுக் கட்டையைச் செய்து, அதை வெற்று எஃகின் மேல் பெரும் விசையோடு அழுத்துவார்கள். அந்தப் புடைத்த கட்டைதான் ஹப். ‘புடைப்பச்சு’ என்று சொன்னால் சொல்லே வேலையை விளக்கிவிடும். முதன்மைப் புடைப்பச்சிலிருந்து முதன்மை அச்சு, அதிலிருந்து பணிப் புடைப்பச்சுகள், அவற்றிலிருந்து நாணயத்தை நேரடியாக அடிக்கும் பணி அச்சுகள் என்று குழிவும் புடைப்பும் மாறி மாறி இறங்கும்.

பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழு ஆழத்துக்கும் இறங்காது. அழுத்திய எஃகு இறுகிவிடும். ஆகவே அச்சை வெளியே எடுத்துக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு, இளகவைத்து, மறுபடி புடைப்பச்சின் கீழே வைத்து அழுத்த வேண்டும். இந்த இரண்டாம் வைப்பு முதல் தடத்தோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியாக வேண்டும். கொஞ்சம் திரும்பிவிட்டால் முதல் உருவமும் அழியாது, இரண்டாவதும் பக்கத்திலேயே பதிந்துவிடும். கோணல் அச்சுக்குள்ளேயே குடியேறிவிட்டது. இனி அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும், அதே இடத்தில், அதே அளவில், அதே திசையில் இரட்டை தெரியும்.

இதற்குப் பெரும்புகழ் பெற்ற எடுத்துக்காட்டு 1955ஆம் ஆண்டில் பிலடெல்ஃபியா அக்கசாலையில் அடித்த லிங்கன் ஒரு சென்ட் நாணயம். அதன் முகப்பில் ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே தெளிவாக இரண்டிரண்டாகத் தெரியும். லிங்கனின் முகமோ ஏறக்குறைய ஒற்றையாகவே இருக்கும். இரண்டாம் அழுத்தத்தில் அச்சு நடுவைச் சுற்றித் திரும்பியிருந்தது. சுழலும் எதுவும் நடுவில் குறைவாகவும் விளிம்பில் அதிகமாகவும்தானே நகரும்! பின்பக்கத்து அச்சில் குறை எதுவும் இல்லை, அதனால் பின்பக்கம் ஒழுங்காக இருக்கிறது. கோளாறு கண்டுபிடிக்கப்படும் முன்பே அவை மற்ற நாணயங்களோடு கலந்துவிட்டதால் அக்கசாலை அப்படியே வெளியே விட்டது. புழக்கத்துக்குப் போனவை 20,000க்கும் மேல் என்று கணிக்கிறார்கள்.

‘இரட்டல்’ என்ற சொல்லை நான் பிடித்துக்கொள்வதற்கு ஓர் இலக்கணக் காரணமும் உண்டு. சிறுமை, ஊர் இரண்டும் சேர்ந்து சிற்றூர் ஆகும்போது நடப்பதை நன்னூல் ‘தன்னொற்று இரட்டல்’ என்கிறது. அங்கே இருந்த ஒற்று போகவில்லை. அதோடு இன்னொன்று கூடுகிறது. உண்மையான அச்சு இரட்டலிலும் அதுதான் நடக்கிறது. முதல் உருவம் குறையாமல் நிற்க, இன்னோர் உருவம் கூடுகிறது. எழுத்து தடிக்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது ‘மெஷின் டபுளிங்’: அச்சு சரியாக இருந்தும், அடிக்கும் பொறியில் அது ஆடுவதால் நாணயத்தில் இரட்டைபோல் தெரிவது. இதில் எதுவும் கூடுவதில்லை. அதனால்தான் ‘இயந்திர இரட்டிப்பு’ என்ற நேர்ச்சொல் எனக்கு உவப்பாக இல்லை. அதற்கு ஆங்கிலத்திலேயே நிலையான பெயர் கிடையாது. மெக்கானிக்கல் டபுளிங் என்பார்கள், ஸ்ட்ரைக் டபுளிங் என்பார்கள், தோற்றத்தை வைத்து ஷெல்ஃப் டபுளிங் என்பதும் உண்டு. இவற்றில் ஸ்ட்ரைக் டபுளிங் மோசமான பெயர். நாணயமே அழுத்தப்பொறிக்குள் இரண்டு முறை அடிபடுவது முற்றிலும் வேறொரு பிழை. கேட்பவர் அதோடு குழப்பிக்கொள்வார். சிலர் இன்னும் கடுமையாக ‘டேமேஜ்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உருவம் பதிந்து முடிந்த பிறகு நேர்வது என்பதால் அது சேதம்தான் என்பது அவர்கள் வாதம். அழுத்தப்பொறியை விட்டு நாணயம் வெளியே வருமுன் நடப்பதை அடிப்பின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பது மறுதரப்பு. எனக்கு முதல் தரப்பின் பக்கமே சாய்வு.

நடப்பது இதுதான். இக்காலத்து அழுத்தப்பொறிகள் நிமிடத்துக்கு 700க்கும் மேற்பட்ட நாணயங்களை அடிக்கக்கூடியவை. அச்சைப் பிடித்திருக்கும் பாகம் தளர்ந்தோ தேய்ந்தோ இருந்தால், நாணயமாகப்போகும் வெற்று உலோக வில்லையில் உருவத்தைப் பதித்த அச்சு நேராக விலகாமல் கொஞ்சம் பக்கவாட்டில் ஆடியோ துள்ளியோ விலகும். அப்போது அச்சின் குழிவு விளிம்பு, இப்போதுதான் மேலெழுந்த எழுத்தின் பக்கவாட்டை இடித்துத் தள்ளிக் கீழே மழுக்கிவிடும். எழுத்தின் ஓரத்தில் ஒரு தட்டையான படி உண்டாகும். அச்சு பழுதில்லாதது, அது நழுவியது, அவ்வளவுதான். ஆகவே இதை ‘அச்சு நழுவல்’ என்றே சொல்லலாம், இரட்டை என்ற பேச்சே இதில் வேண்டாம். நழுவல் ஒவ்வோர் அடிப்பிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அடுத்த நாணயத்தில் கூடலாம், குறையலாம், இல்லாமலும் போகலாம்.

பிரித்தறியும் வழி இந்தக் காரணத்திலிருந்தே கிடைக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், அதே ஆண்டின் குறையில்லாத நாணயம் ஒன்றும் பக்கத்தில் இருந்தால் போதும். முதலில் எழுத்தின் மொத்த அகலத்தைப் பாருங்கள். நழுவலில் அந்தப் படி எழுத்தின் சதையிலிருந்தே வெட்டப்பட்டது. ஆகவே படியையும் சேர்த்தால்தான் வழக்கமான அகலம் வரும். எழுத்தின் மேல்பகுதியை மட்டும் பார்த்தால் வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். இரட்டலில் எழுத்து வழக்கத்தைவிட அகலமாக இருக்கும். அடுத்து அந்த இரண்டாம் தடத்தின் உயரமும் வடிவமும். நழுவலின் படி தாழ்வாக, தட்டையாக, புதிதாகச் சீவியதுபோல் பளபளக்கும். வெளிச்சத்தைத் திருப்பினால் மின்னும். இரட்டலின் இரண்டாம் உருவமோ உருண்ட உடல் கொண்ட முழு எழுத்து, மேற்பரப்பும் நாணயத்தின் மற்றப் பகுதிகளைப் போலவே இருக்கும். மூன்றாவதாக எழுத்துகளின் மூலைகள். இரண்டு எழுத்துகள் கொஞ்சம் விலகி ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் கால்முனைகளில் சிறு பிளவு விழும், நடுவே ஒரு பிரிகோடும் ஓடும். பழகிய கண் முதலில் தேடுவது இந்தப் பிளவைத்தான். நழுவலில் மூலைகள் பிளவுபடுவதில்லை, மழுங்குகின்றன.

ஒரே பக்கத்திலிருந்து விழும் கடும் வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். நிழலே இரண்டாம் எழுத்தாகத் தெரியும்.

அமெரிக்க நாணயங்களில் இன்னொரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நாணயம் எந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் சிற்றெழுத்தைப் புழக்க நாணயங்களுக்கான ஒவ்வொரு பணி அச்சிலும் 1980களின் இறுதிவரை தனியாகக் கையால் குத்தி வந்தார்கள். புடைப்பச்சு வேலை முடிந்த பிறகே அது நடக்கும். ஆகவே அக்காலத்து நாணயம் ஒன்றில் உண்மையான இரட்டல் இருந்தால் ஆண்டு இரட்டித்திருக்கும், அக்கசாலை எழுத்து அதில் பங்கேற்காது. ஆண்டும் அந்த எழுத்தும் ஒரே திசையில் ஒரே அளவு சாய்ந்து இரட்டை காட்டினால் அது நழுவல். 1969ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ ஒரு சென்டில் இது கைகொடுக்கும். அந்த ஆண்டில் அரிய இரட்டித்த அச்சு நாணயமும் உண்டு, நழுவல் நாணயங்களும் ஏராளம். உண்மையானதில் ‘எஸ்’ என்ற எழுத்து ஒற்றையாகவே நிற்கும். அந்த இரட்டித்த நாணயங்கள் முதலில் வெளிவந்தபோது, அதே ஆண்டைப் போலிசெய்த இரட்டை நாணயங்களும் உலவியதால், அமெரிக்க இரகசியச் சேவை நல்லவற்றையும் கள்ளப் பணம் என்று கருதிப் பறிமுதல் செய்தது. பின்னர்தான் அவை அசல் என்று ஏற்கப்பட்டன. 1990 தொடங்கி அக்கசாலை எழுத்து முதன்மை அச்சிலேயே இடம்பெறத் தொடங்கிவிட்டதால் அதற்குப் பிந்திய நாணயங்களில் இந்தச் சோதனை செல்லாது.

பெயரால் ஏமாற்றும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1955ஆம் ஆண்டின் சில சென்ட் நாணயங்களில் கடைசி 5 மட்டும் இரண்டாகத் தெரியும். விற்பவர்கள் இதற்கு ‘ஏழையின் டபுள்டு டை’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது இரட்டித்த அச்சே அல்ல. பல்லாயிரம் முறை அடித்து ஓய்ந்த அச்சு, எழுத்து விளிம்புகளில் தேய்ந்து ஊறிப்போனதால் வரும் கலங்கல் அது. ‘அச்சுத் தேய்வு’ என்றால் போதும். 1982 முதல் வந்த, தாமிரம் பூசிய துத்தநாக சென்ட்களில் பூச்சு பிளந்து எழுத்தோரத்தில் வெளிறிய கோடு தெரிவதும் இப்படி ஒரு போலி. தேய்வும் பூச்சுப் பிளவும் நழுவலும் சேகரிப்பவர்கள் கணக்கில் தனி அச்சு வகைகளாகச் சேர்வதில்லை. அவற்றுக்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் நடைகட்டுவதே நல்லது.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க அக்கசாலை ஒரே அழுத்தத்தில் அச்சை முடிக்கும் முறைக்கு மாறியது. இரண்டாம் வைப்பே இல்லையென்றால் இரட்டல் எங்கிருந்து வரும்? வருகிறது. வெற்று எஃகின் முகம் நடுவில் கொஞ்சம் கூம்பியிருக்கும், ஆகவே புடைப்பச்சு முதலில் நடுவைத்தான் தொடும். எஃகு சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்து, அழுத்தம் ஏற ஏற நேராக வழுக்கி அமர்ந்தால், சாய்வில் விழுந்த முதல் தடம் நடுப்பகுதியில் தங்கிவிடும். இளம் லிங்கன் மரக்கட்டை மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் 2009ஆம் ஆண்டு ஒரு சென்டில், புத்தகம் பிடித்த கையில் கூடுதல் விரல் தெரியும் வகைகள் இப்படி வந்தவை. ஆகவே புதிய நாணயங்களில் இரட்டலைத் தேடுபவர் விளிம்பு எழுத்துகளைவிட நடுப்பகுதியைக் கவனிக்க வேண்டும். விளிம்பில் மட்டும் பளபளக்கும் படி தெரிந்தால் அது நழுவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘இரண்டு முறை அழுத்தியதால் வருவது’ என்ற பழைய விளக்கம் இந்த நாணயங்களுக்குப் பொருந்தாது. ‘இரட்டித்த அச்சு’ என்ற பெயர் பொருந்தும், ஏனென்றால் இங்கேயும் இரண்டு உருவங்கள் அச்சிலேயே இருக்கின்றன.