எல்லாப் பக்கத்திலும் 20.9

கடலூர் சிப்காட்டில் சின்ன, நடுத்தர ரசாயன ஆலைகளுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் தொழில். தொழிலகப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று காதில் விழுந்ததும் போன் வரும். "சார், ரெஜிஸ்டர் எல்லாம் ஒரு தடவை சரி பண்ணிக் கொடுங்க." அதாவது, ஆறு மாதமாக எழுதாமல் விட்டதை ஒரே ராத்திரியில் எழுதித் தர வேண்டும். முடியாது என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் காலியாகக் கிடக்கும் நோட்டால் வரும் சிக்கலைவிட, இப்படி ராத்திரியில் நிரப்பிய நோட்டால் வரும் சிக்கல் பெரிது.

ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஃபயர் சிலிண்டர், மணல் வாளி, சுவரில் புதிதாக ஒட்டிய வாசகம் என்று நிர்வாகம் வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தது. ஆய்வாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு பெர்மிட் புக்கைக் கேட்டார். தொட்டிக்குள்ளோ ரியாக்டருக்குள்ளோ ஆள் இறங்கும் முன் எழுத வேண்டிய அனுமதிச் சீட்டு அதில்தான் இருக்கும். ஆக்சிஜன் 20.9, எரிவாயு 0, ஹைட்ரஜன் சல்பைடு 0. அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே, அதே பேனா. 20.9 சதவீதம் என்பது நாம் வெளியில் சுவாசிக்கும் காற்றின் கணக்கு. கழிவுநீர்த் தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் புள்ளி பிசகாமல் அது வந்தால், யாரும் அளக்கவில்லை என்றுதான் பொருள்.

"காஸ் மீட்டரை எடுத்துட்டு வாங்க" என்றார். வந்தது. பேட்டரி இறங்கிக் கிடந்தது. காலிபரேஷன், அதாவது மீட்டர் சரியாக அளக்கிறதா என்று சோதித்ததற்கான ஸ்டிக்கர், முந்தின வருஷத்தது. அப்புறம் கேட் ரெஜிஸ்டரைக் கேட்டார். பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டிருந்த ஷிப்ட் இன்சார்ஜ், அதில் இரண்டு தேதிகளில் ஆலைக்கே வரவில்லை. அதுவரை "பதிவேடு முறையாகப் பராமரிக்கவில்லை" என்ற அளவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், பொய்ப் பதிவாக மாறிப்போனது. பொய்ப் பதிவைப் புதிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது, சிறைக்கும் இடமுண்டு.

இந்த ஒரு சீட்டுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் தொட்டி விபத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். "இப்ப வாசனை இல்லண்ணே, இறங்கலாம்" என்று சொல்லும் நேரம்தான் மோசமான நேரம். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போன அடுத்தவரும் விழுவார். இதற்குத்தான் 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவை வைத்தது. தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் சுவாசக் கருவியும் பெல்ட்டும் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியில் ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. சாதாரண 230 வோல்ட் பல்பை வயரில் கட்டித் தொங்கவிடுவதை இன்றும் பார்க்கிறேன்.

இதே சிப்காட்டில் 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்து ஆலை விபத்தில் 4 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் மே, ஜூலை என்று அடுத்தடுத்து இரண்டு கொதிகலன் விபத்துகள். மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது.

சரி, தண்டனை. பழைய சட்டத்தில் பொதுவான மீறலுக்கு 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்துக்கு உச்சம்தான் உண்டு, அடிமட்டம் கிடையாது. அதனால் சொற்பத் தொகையோடு வெளியே வந்துவிடலாம் என்ற தைரியம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பொது அபராதமே 2 லட்சத்தில் தொடங்கி 3 லட்சம் வரை போகிறது. தண்டனைக்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 2,000. கடமை தவறியதால் உயிர் போனால் 2 வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அபராதம் மட்டுமே உள்ள குற்றங்களை உச்சத் தொகையில் பாதியைக் கட்டி முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் அதை வருஷாந்திரக் கட்டணம் போல நினைக்கும் முதலாளிகளிடம் எனக்குப் பொறுமை இல்லை.

யார் மீது வழக்கு என்பதில்தான் பலருக்கு அதிர்ச்சி. "மேனேஜர் பெயரைப் போட்டிருக்கோமே" என்பார்கள். கம்பெனி என்றால் ஆக்குபையர், அதாவது ஆலையின் இறுதிக் கட்டுப்பாடு யார் கையிலோ அவர், டைரக்டர்களில் ஒருவர்தான். 1996-ல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தீர்த்துவைத்துவிட்டது. "அது காண்ட்ராக்ட் ஆளு சார்" என்பதும் எடுபடாது. காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் உங்கள் தொழிலாளிதான். தொட்டியில் இறங்குகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

நோட்டீஸ் வந்தால் "இனி கவனமாக இருப்போம்" என்று பதில் போடாதீர்கள், அது ஒப்புதல் வாக்குமூலமாக மட்டுமே பயன்படும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில், பில் எங்கே, போட்டோ எங்கே என்று எழுதுங்கள். இன்னும் முடியாததை முடியவில்லை என்றே எழுதி, முடிக்கும் தேதியைக் கொடுங்கள். புதுச்சேரியின் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் இன்னொரு யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லை தாண்டினால் புதுச்சேரி அரசின் துறை தனி, ஆய்வாளர் தனி. கடலூரில் அனுப்பிய பதிலின் நகலை அங்கே நீட்டினால் வேலைக்கு ஆகாது.

ஆய்வு முடிந்ததும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "யார் புகார் கொடுத்தது?" ஆய்வாளர் சொல்ல மாட்டார், புகார் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவும் கூடாது. உடனே கேன்டீனில், ஷிப்ட் ரூமில் விசாரணை ஆரம்பமாகும். ஒரு வாரம் அதிலேயே போகும். அந்த ஒரு வாரத்தில் காஸ் மீட்டரை காலிபரேஷனுக்கு அனுப்பி, திரும்பவும் வாங்கியிருக்கலாம்.