உயிர்மெய்யில் ஒரு ரகசியச் சக்கரம்

“கவா கபோ கக கலா கம்.” ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் ஒரு ‘க’ சேர்த்துப் பேசும் இந்த ‘க’ பாஷையைப் பள்ளி நாட்களில் பலரும் பேசியிருப்போம். ‘வா, போகலாம்’ என்பதுதான் செய்தி. வேகமாகப் பேசினால் புதிதாகக் கேட்பவர் திணறுவார். ஆனால் தந்திரம் தெரிந்துவிட்டால் அத்தோடு ரகசியம் போச்சு. முறை எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் செய்தி பத்திரமாக இருக்க வேண்டும், சாவியை மட்டும் மறைத்தால் போதும் என்று 1883-இல் ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழியியலாளர் எழுதினார். இன்றைய மறையாக்கமும், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் கலையும், அந்தக் கொள்கையில்தான் நடக்கிறது. அதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கத் தமிழ் எழுத்து மிக நன்றாக ஒத்துழைக்கிறது.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று என இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். மெய்யெழுத்து 18. வட்டத்தின் 360 பாகையை 18-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 20. பாகைமானியை வைத்து 20 பாகைக்கு ஒரு கோடு போட்டு, க் முதல் ன் வரை இரண்டு வட்டத்திலும் வரிசையாக எழுதி, நடுவில் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டால் சக்கரம் தயார். 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் லியோன் பட்டிஸ்டா ஆல்பர்ட்டி இதே போன்ற சுழல் வட்டை விவரித்திருக்கிறார்.

வெளிவட்டத்து க்-க்கு நேரே உள்வட்டத்து ஞ் வரும்படி திருப்புங்கள். மூன்று இடம் நகர்ந்திருக்கிறது. அந்த 3-தான் சாவி. இனி ‘மாடிக்கு வா’ என்று எழுத வேண்டும். மா என்பது ம் + ஆ. மெய்யை மட்டும் மாற்றி, உயிரை அப்படியே விட வேண்டும். ம்-க்கு நேரே ல் இருக்கிறது, ஆகவே லா. டி என்பது நி ஆகும். முழுச் செய்தி: ‘லாநிஞ்ஞு றா’. சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வீடே சிரிக்கும். அம்மா, இலை போன்ற சொற்களில் முதலில் வரும் தனி உயிரை மாற்ற வேண்டாம். ஜ, ஸ போன்ற எழுத்துகளையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், உண்மையான சுவை உடைப்பதில்தான் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி, எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணியே ரகசிய எழுத்தை உடைக்கும் வழியை எழுதிவைத்தார். அதற்கு நீண்ட செய்தி வேண்டும். நம் செய்தியோ ஐந்தே எழுத்து. இங்கே நன்னூல் கைகொடுக்கிறது. க், ச், த், ப் நான்குக்குப் பின்னால் அதே எழுத்துதான் வரும் என்பது மெய்ம்மயக்க விதி (சக்தி போன்ற வடசொற்கள் விலக்கு). ‘ஞ்ஞு’ என்ற இரட்டிப்பைப் பார்த்ததும், அது இந்த நான்கில் ஒன்றாக இருக்கலாம் என்று முதலில் ஊகிக்கலாம். அப்படியானால் 17 சாவிகளில் மிஞ்சுவது 3, 1, 15, 13 மட்டுமே. இப்போது சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். சாவி 1 என்றால் ‘றா’ என்பது ‘ளா’ ஆகும்; ள சொல்லுக்கு முதலில் வராது. 15 என்றால் ‘ஙா’. 13 என்றால் முதல் சொல்லே ‘னா’ என்று தொடங்கும். மூன்றும் கழிந்தன. மிஞ்சியது 3. பொருளை ஊகிக்காமலே பூட்டு திறந்துவிட்டது! மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த மொழிமுதல் எழுத்துகள் ஒரு துப்பறிவாளரின் கருவியாவதைப் பிள்ளைகள் காணும் இடம் இது.

இந்த ஓட்டையை அடைக்க, ஒவ்வோர் எழுத்துக்கும் சக்கரத்தை ஒரு படி நகர்த்தலாம். முதல் எழுத்துக்கு 3, அடுத்ததற்கு 4, பிறகு 5. அதே செய்தி ‘லாபிண்து சா’ ஆகிவிடும். க்கு என்ற இரட்டிப்பு ‘ண்து’ எனப் பிரிந்துபோனதால் மேலே சொன்ன துப்பு செல்லாது.

ஆனாலும் ஆ, இ, புள்ளி, உ, ஆ என்ற உயிர் வரிசை மாறாமல் வெளியே தெரிகிறது. கூர்மையான பிள்ளை அதையே பிடித்துக்கொள்ளும். அப்போது உயிரெழுத்து 12-க்கும் 30 பாகை வீதம் இன்னொரு சக்கரம் செய்யச் சொல்லுங்கள். இரண்டு சக்கரம், இரண்டு சாவி; புள்ளியை என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.