பள்ளிக்கு ரோபோ வாங்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளில் எலெக்ட்ரானிக்ஸ், ரோபோட்டிக்ஸ் பயிற்சி நடத்துவது என் தொழில். பள்ளித் தாளாளர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் சில ஆண்டுகளாக மாறி வருகின்றன. மாணவர்கள் எதைச் செய்யக் கற்றுக்கொள்வார்கள் என்று முன்பு கேட்டவர்கள், இப்போது ரோபோ பேசுமா, நடக்குமா, ஆண்டு விழாவில் விருந்தினரை வரவேற்குமா என்று கேட்கிறார்கள். மாணவர் சேர்க்கைக்கான விளம்பரமாகவே ரோபோ வாங்கப்படும் நிலை வந்துவிட்டதால், பள்ளிக்குள் வரும் எந்திரம் எத்தகையது என்பதைப் பிரித்தறிவது எப்படி என்று விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

கல்வியில் ரோபோவைப் பயன்படுத்துவது புதிய செய்தி அன்று. அமெரிக்காவில் 1967இல் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் குழந்தைகளுக்காக லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதன் தொடர்ச்சியாக, தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு வரையும் 'ஆமை' என்ற சிறிய எந்திரமும் வந்தது. முன்னே செல், வலப்புறம் 90 பாகை திரும்பு என்று நான்கு முறை கட்டளையிட்டால் ஆமை சதுரம் வரையும். கோணத்தைத் தவறாகக் கொடுத்தால் கோடுகள் கூடுவதில்லை. ஏன் கூடவில்லை என்று குழந்தையே யோசிக்க வேண்டியிருக்கும். குழந்தைதான் எந்திரத்துக்கு நிரல் எழுத வேண்டும், எந்திரம் குழந்தையை நிரல்படுத்தக் கூடாது என்று பேப்பர்ட் வலியுறுத்தினார். பள்ளிக்கு ரோபோ வாங்குபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

அந்த அளவுகோலுக்குள் அடங்கும் எந்திரம் எப்படிக் கற்றுத் தருகிறது என்பதற்கு, கோடை விடுமுறையில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில் நடந்த முகாமில் கண்டதைச் சொல்கிறேன். கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் சிறு வண்டியைப் பிள்ளைகள் செய்திருந்தார்கள். வண்டியின் அடியில் இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கும். வெளிர்நிறத் தரை கதிரைத் திருப்பியனுப்பும், கறுப்பு டேப் உறிஞ்சிக்கொள்ளும். இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் வண்டி தன் பாதையை அறிகிறது. வெள்ளைச் சார்ட் தாளின் மேல் ஒழுங்காக ஓடிய வண்டி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் டேப் ஒட்டி விட்டதும் தடம் மாறிச் சுற்றத் தொடங்கியது. கண்ணாடியின் மேல் வார்க்கப்படும் அந்தக் கல்லின் மேற்பரப்பு பளபளப்பானது. அதன் பூவேலைப்பாட்டில் இருந்த அடர்நிறப் பகுதிகளையும் சென்சார் கோடு என்றே எடுத்துக்கொண்டது. எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர், சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட் திருகைச் சிறிய திருப்புளியால் இம்மி இம்மியாகத் திருப்பி, டேப்பை மட்டும் அறியும்படி செய்தார்கள். வெயில் ஏறி முற்றத்துக்குள் விழுந்ததும் வண்டி மறுபடியும் தடுமாறியது. நிழலில் ஓடுகிறது, வெயிலில் ஓடவில்லை என்பதை அவர்களே மாறி மாறி ஓடவிட்டுச் சோதித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் என்னிடம் காரணம் கேட்டார்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு என்று சொன்னேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கறுப்புத் தாளை வெட்டிச் சென்சார்களைச் சுற்றி மறைப்பு ஒட்டினார்கள், வண்டி ஓடியது. அந்த வண்டிக்கான, நிரல் ஏற்றி இயக்கும் அர்டுயினோ பலகை, மோட்டார், சென்சார், பேட்டரி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடியும் செலவுதான்.

பேசும் ரோபோ வந்த பள்ளிகளில் நான் கண்டது வேறு. பிள்ளைகள் அதைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். வீட்டில் பேசும் தமிழில் கேட்டால் அதற்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. உடனே குழந்தை குரலை உயர்த்தும், சொற்களைக் குறைக்கும், ஆங்கிலத்துக்கு மாறும், எந்திரத்துக்குப் பிடிபடும் உச்சரிப்பைத் தேடும். அங்கே பழக்கப்படுத்தப்படுவது குழந்தைதான் என்பதைக் கைதட்டும் பெரியவர்கள் கவனிப்பதில்லை. அதன் மூடியைத் திறக்கக் குழந்தைக்கு அனுமதி கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியாது. அண்டை மாநிலத்தில் இரண்டு பாதைகளையும் பார்க்கலாம். 2024இல் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் சேலை உடுத்திய 'ஐரிஸ்' என்ற ரோபோ ஆசிரியையைப் பற்றி நாடெங்கும் பேசினார்கள். அடுத்த ஆண்டு கேரள அரசு பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸைச் சேர்த்து, மாணவர்கள் சர்க்யூட் அமைத்து, சென்சாரும் மோட்டாரும் இணைத்துச் செய்து பார்க்க வழி செய்தது. இரண்டாவது செய்தியைப் பற்றி நம் ஊரில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய செய்தி.

பேசும் ரோபோக்களால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'காஸ்பர்', பயிற்சி பெற்றவர் உடனிருக்க, உணர்வுகளை அடையாளம் காணவும் முறை மாற்றி விளையாடவும் உதவுகிறது. நோக்கம் தெளிவாகவும் எல்லை குறுகலாகவும் இருக்கும்போது இவை வேலை செய்கின்றன. ஆசிரியர் பற்றாக்குறையை இவற்றால் நிரப்பலாம் என்ற பேச்சு எழும்போதுதான் கவலை வருகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில் கடைநிலைப் பணியாளரான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி மேலாளாக உயர்ந்தது, கணக்கை மட்டும் கற்றதால் அன்று. வந்திருப்பவரின் முகம் பார்த்துப் பேசும் ஒரு பெரியவரின் பக்கத்தில் நாள்தோறும் உட்கார்ந்திருந்ததால்.

இவ்வகை எந்திரங்கள் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரை நம்பி இயங்குபவை என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 'மாக்ஸி' என்ற ரோபோவை ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளின் தோழனாக, 799 டாலர் விலைக்கு, அமெரிக்க நிறுவனமான எம்பாடிட் விற்றது. நிதி கிடைக்காமல் நிறுவனத்தை மூடப்போவதாக 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது, அதனோடு பழகிவிட்ட குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பெற்றோர் தவித்தார்கள். குழந்தைகள் அழுத வீடியோக்கள் உலகெங்கும் பரவின. அதற்கு முன்பே 2017இல், 'கெய்லா' என்ற பேசும் பொம்மையை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று ஜெர்மனி தடை செய்திருந்தது. பள்ளிகளில் முகத்தையும் குரலையும் கொண்டு மாணவரின் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடுத்துள்ளது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. விதிகளில் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருப்பதால், காமிராவும் மைக்கும் உள்ள எந்திரம் வகுப்பில் இருந்தால் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதைப் பள்ளி எழுத்தில் சொல்லும்படி கேட்க வேண்டும்.

சமூகத்தில் ஏற்படும் இன்னொரு விளைவு நம் வட்டாரத்திலேயே தெரிகிறது. ரோபோட்டிக்ஸுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு, அடுத்த தெருவில் இருக்கும் பிள்ளைக்கு வேறு வாய்ப்பு என்றாகிவிட்டது. 2016இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் இன்னோவேஷன் மிஷன், தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தந்து, மாணவர்கள் கருவிகளைச் செய்து பார்க்கும் ஆய்வகம் அமைக்கச் செய்கிறது. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. ஆனால் ஆய்வகம் கிடைத்தும், பொருள் தொலைந்துவிடும் என்ற அச்சத்தில் பீரோவைப் பூட்டி வைக்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். கலப்புக் குழுக்களில் மாணவர்கள் வயரை இணைக்க, மாணவிகளிடம் நோட்டில் எழுதும் வேலை போய்ச் சேர்வதையும் பார்க்கிறேன். வாரம்தோறும் வேலையை மாற்றிக் கொடுக்கும்படி ஆசிரியர்களிடம் வற்புறுத்தி வருகிறேன்.

வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் இணையம் இல்லாமல் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழுதான மோட்டாரைக் காரைக்குடியிலோ மதுரையிலோ கிடைக்கும் பொருளால் மாற்ற முடியுமா என்று பாருங்கள். லித்தியம் அயான் செல்களில் பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லாத தனிச் செல்கள், முனைகள் உரசினாலோ அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கக் கூடும். மின்கல ஆய்வுக்குப் பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் இந்தக் கவனம் குறையக் கூடாது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோரே என்பதால், பீரோ பூட்டிக் கிடந்தால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். தனியார் பள்ளியின் கட்டண ரசீதில் ரோபோட்டிக்ஸ் என்று ஒரு வரி இருந்தால், இந்த ஆண்டு என் பிள்ளை அந்தக் கருவியைத் தன் கையால் எத்தனை மணி நேரம் தொட்டது என்று கேளுங்கள்.