கதிர் இருக்கிறது, மணி எங்கே?

"பூக்கிற நேரத்தில் இரண்டு வாரம் மழை இல்லை. அப்புறம் நல்ல மழை பெய்து, செடி பச்சைப் பசேலென்று தேறிவிட்டது. உறையை உரித்துப் பார்த்தால் கதிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி. விதை போலியா?" பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறவர்களிடமிருந்து வரும் கேள்வி இது. விதையைக் குற்றம் சொல்வதற்கு முன் செடிக்குள் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

மக்காச்சோளத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பது பள்ளியில் படித்ததுதான். உச்சியில் விரியும் குஞ்சம் ஆண். நடுத்தண்டில் இலைக்கணுவில் உட்கார்ந்திருக்கும் கதிர் பெண். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்கள் வெறும் அலங்காரம் இல்லை. ஒரு நூலுக்கு ஒரு மணி என்பது கணக்கு. 500 மணி பிடிக்க வேண்டுமானால் 500 நூலும் வெளியே வந்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மகரந்தத் துகளாவது விழ வேண்டும். விழுந்த துகள் முளைத்து, நூலுக்குள்ளேயே குழாய் விட்டு, ஒரு நாளுக்குள் அடியில் இருக்கும் சூலைத் தொட்டுவிடும்.

ஒரு குஞ்சம் ஏறக்குறைய ஒரு வாரம் மகரந்தம் உதிர்க்கும். சூடான, காய்ந்த காற்றில் அந்தத் துகள் சில மணி நேரமே உயிரோடிருக்கும். தண்ணீர் போதுமானால் குஞ்சம் உதிர்க்கத் தொடங்கி ஓரிரு நாளில் நூல் எட்டிப் பார்க்கும். நூல் வளர்வது செல்கள் தண்ணீரை உறிஞ்சி நீள்வதால்தான். செழிப்பான நாளில் சுமார் 3 சென்டிமீட்டர் வரை நீளும். வறட்சி வந்ததும் இந்த நீட்சி நின்றுபோகும். உச்சியில் இருக்கும் குஞ்சமோ உணவுப் பங்கீட்டில் முந்திக்கொண்டு தன் நேரத்துக்குப் பூத்துவிடும். இடைவெளி ஒரு வாரத்தையும் தாண்டிப் போகலாம். நூல் வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். நுனி மணிகளின் நூல் கடைசியாக வருவதால்தான் முதலில் நுனி சொட்டையாகிறது.

வயலிலேயே இதைச் சோதிக்கலாம். நூல் வந்து நான்கைந்து நாளான ஒரு கதிரை ஒடித்து, உறையை நீளவாக்கில் கீறி, நூல் அறுந்துவிடாமல் மெல்லப் பிரித்து, கதிரை லேசாக உதறுங்கள். கருவுற்ற சூலின் நூல் தானாகக் கழன்று விழும். கருவுறாதது ஒட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான நூல் ஒட்டியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. நூல் விழுந்தும் மணி சுருங்கிக் கிடந்தால், கருவுற்ற பிறகு செடியால் ஊட்ட முடியவில்லை. நஷ்டஈடு கேட்கப் போகிறவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வறட்சி தாங்கும் விதை பிறந்ததும் இந்த இடைவெளியிலிருந்துதான். மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆய்வு மையம் 1970களின் நடுவில் ஒரு வேலையைத் தொடங்கியது. மழையே இல்லாத பருவத்தில் விதைத்து, பாசனம் கொடுத்து வளர்த்து, பூக்கும் முன்பு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். பாதிச் செடிகள் மகரந்தம் உதிர்த்த நாள் எது, பாதிச் செடிகளில் நூல் தெரிந்த நாள் எது? இரண்டையும் குறித்துக் கழித்தால் வருவதுதான் அளவுகோல். ஒரு நோட்டுப் புத்தகமும், தினமும் வயலில் நடக்க ஓர் ஆளும் போதும். இடைவெளி குறைந்த செடிக் குடும்பங்களைத் தேர்ந்து, மீண்டும் கலந்து, மீண்டும் காயப்போட்டார்கள். பல சுற்றுக்குப் பின் கிடைத்த செடி, பழைய செடியைவிட அதிகத் தண்ணீர் குடிக்கவில்லை. குஞ்சம் சிறுத்து, அந்தப் பங்கு கதிருக்குப் போயிருந்தது. பஞ்ச காலத்தில் தன் தட்டைக் குறைத்துப் பிள்ளைக்கு ஊட்டும் செடியைத் தேடி எடுத்திருக்கிறார்கள்! தழைச்சத்துப் பற்றாக்குறையும் நூலைத் தாமதப்படுத்தும் என்பதால், உரம் வாங்க வழியில்லாத நிலத்திலும் இதே தேர்வு கைகொடுத்தது. இப்படிப் பத்து, பதினைந்து வருடம் பொறுமையாக நடக்கும் வேலைக்கு மூன்று வருடத் திட்டநிதி ஒத்துவராது. நம் வேளாண் ஆராய்ச்சிக்கும் நீண்டகால நிதிதான் தேவை.

இந்த வழியில் வந்த ரகங்களை, 2015 வரை நடந்த ஒரு திட்டம் ஆப்பிரிக்காவின் 13 நாடுகளுக்குக் கொண்டுபோனது. விவசாயி கைக்கு விதை சேர்வதுதான் கடினமாக இருந்தது. கருவிதை, ஆதார விதை, சான்று விதை என்று விதையைப் பெருக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு பருவம் வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்த உட்கலப்புத் தாய்ச்செடி குறைவாகவே காய்க்கும். அதனால் அங்கே பல நிறுவனங்கள் கலப்பினத்தையே தாயாக வைக்கும் மூவழிக் கலப்பில் விதை எடுக்கின்றன. விலை கட்டுப்படியாகிறது. கடைக்காரரோ தெரிந்த பழைய பெயரைத்தான் அடுக்குவார். அங்கே 2 கிலோ பொட்டலம் உதவியது. ஏக்கருக்கு 8 கிலோ என்றால் கால் ஏக்கரில் போட்டுப் பார்க்கலாம். பழைய ரகம் பக்கத்திலேயே நிற்கும்.

கலப்பினத்திலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த வருடமே விளைச்சல் சரியும். ஜிம்பாப்வேயின் இசட்எம் 521 போன்ற, வயலில் தங்களுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து பெருகும் கூட்டு ரகங்களில் எடுத்து வைக்கலாம். மற்ற மக்காச்சோளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி, வயலின் நடுப்பகுதியில் நூறு செடிகளுக்குக் குறையாமல் கதிர் பொறுக்க வேண்டும். எந்த ரகமானாலும் நெருக்கி விதைக்கக் கூடாது. நெருக்கமும் நூலைத் தாமதப்படுத்தும்.

வறட்சியில் விளைந்த மணிக்குச் சந்தையில் இன்னொரு சோதனை உண்டு. அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சைக்கு உள்ளே போகும் வழிகளில் ஒன்று அதே பட்டு நூல்தான். நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன ஆலைக்கு ஈரமான, பூஞ்சை பிடித்த மணி ஆகாது. நிறம் மாறிய கதிரைத் தனியே ஒதுக்கி, தார்ப்பாயில் காயவைக்க வேண்டும். உலர்த்துவது புது நஞ்சைத் தடுக்கும். ஏற்கெனவே உண்டானதை அழிக்காது. ஈரமானி இல்லாதவர்கள், நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியும் இரண்டு மூன்று தேக்கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு, மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைக்கலாம். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மூட்டை கட்டாமல் மறுபடியும் வெயிலில் பரப்புங்கள்.