13 நாள், 12 வருடம்: வெளியான ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்படும் விதம்

கோவிட் முதல் அலையின் நடுவே, 2020 மே 22 அன்று, லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று மலைக்க வைக்கும் தரவு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு அதிகம் என்றது கட்டுரை. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஜூன் 4 அன்று கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. வழக்கமாக வருடக்கணக்கில் இழுக்கும் வேலை, 13 நாளில் முடிந்தது.

கணக்கு முதலில் இடித்தது ஆஸ்திரேலியாவில். ஏப்ரல் 21 வரை அங்கே ஐந்து மருத்துவமனைகளில் மட்டும் 73 பேர் இறந்ததாகக் கட்டுரையின் தரவு காட்டியது. அந்தத் தேதியில் நாடு முழுவதுக்கும் சேர்த்தே 67 இறப்புகள்தான் பதிவாகியிருந்தன. கார்டியன் பத்திரிகை இதைப் பற்றி விசாரித்தபோது, ஆசிய மருத்துவமனை ஒன்று தவறுதலாக ஆஸ்திரேலியக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று, தரவை வைத்திருந்த நிறுவனத்திடமிருந்து விளக்கம் வந்தது. லான்செட் ஒரு திருத்தம் வெளியிட்டது. எண்ணிலோ படத்திலோ பிழை, ஆனால் முடிவு மாறாது என்றால் இதுவே போதும்.

ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதோடு விடவில்லை. எந்தெந்த மருத்துவமனைகள், தரவு எங்கே என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஜூன் முதல் வாரத்தில் இதழ் ‘கவலைக் குறிப்பு’ ஒன்றைக் கட்டுரையோடு இணைத்தது. விசாரணை முடியவில்லை, அதுவரை இதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம் என்று வாசகருக்குச் சொல்லும் அறிவிப்பு அது. சுயேச்சையான தணிக்கைக்கும் ஏற்பாடாகியிருந்தது. தரவை வைத்திருந்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம், ரகசிய ஒப்பந்தங்களைக் காரணம் காட்டி முழுத் தரவையும் தர மறுத்தது. கட்டுரையை எழுதிய நான்கு ஆசிரியர்களில் மூன்று பேர், இந்தத் தரவுக்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது என்று எழுதிக் கொடுத்து, கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

சரி, இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் சக விஞ்ஞானிகளான மதிப்பீட்டாளர்கள், அச்சேறும் முன்பே இதைப் பிடித்திருக்க வேண்டாமா? பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது கட்டுரையும் அட்டவணைகளும்தான். மூலத் தரவை அவர்கள் பார்ப்பது அபூர்வம். எழுதியவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மதிப்பீடே நடக்கிறது. பொருந்தாத வாதத்தை அது பிடிக்கும்; இட்டுக்கட்டிய நோயாளியைப் பிடிப்பது கடினம்.

புகார் வந்தால் இதழாசிரியர் முதலில் கட்டுரை எழுதியவரிடம் விளக்கமும் தரவும் கேட்பார். திருப்தியில்லை என்றால் அவர் வேலை செய்யும் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவார். ஆய்வக நோட்டுகளைக் கைப்பற்றவோ ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கவோ இதழுக்கு அதிகாரமில்லை. அதைச் செய்ய வேண்டியது அந்த நிறுவனம். ஆனால் தன் பெயர் கெடும் என்று தெரிந்த நிறுவனம் எவ்வளவு அவசரம் காட்டும்? இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே லான்செட்டின் இன்னொரு கட்டுரையைப் பாருங்கள். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும், 12 குழந்தைகளை மட்டும் வைத்து, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பேச்சைக் கிளப்பினார்கள். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போடத் தயாரான வழக்கறிஞர்கள் வேக்ஃபீல்டுக்குப் பணம் கொடுத்திருந்ததை பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். 2004-இல் சக ஆசிரியர்கள் 10 பேர், தடுப்பூசியோடு தொடர்பு என்ற அந்த விளக்கத்திலிருந்து விலகினார்கள். முழுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது 2010 பிப்ரவரியில், பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் தன் விசாரணையில் கண்டதை அறிவித்த பிறகுதான். 12 வருடம்! இதற்கிடையில் இங்கிலாந்தில் எம்எம்ஆர் போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் 92 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. தாமதத்துக்கான விலையைக் கொடுத்தது குழந்தைகள்.

திரும்பப் பெற்ற கட்டுரையை அழித்துவிட மாட்டார்கள். இணையத்தில் அதே இடத்திலேயே இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற பெரிய முத்திரையோடு. யார் திரும்பப் பெற்றார்கள், ஏன் என்று சொல்லும் அறிவிப்பும் கூடவே இருக்கும். அழித்துவிட்டால், அதை மேற்கோள் காட்டிய மற்ற கட்டுரைகளைப் படிப்பவருக்கு என்ன நடந்ததென்றே தெரியாமல் போய்விடும். அறிவிப்பில் காரணம் தெளிவாக இருப்பது ரொம்ப முக்கியம். ஏனென்றால் திரும்பப் பெறுவதெல்லாம் மோசடி இல்லை. நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சிஸ் ஆர்னல்ட், சயன்ஸ் இதழில் வந்த தன் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் தாமே திரும்பப் பெற்றார். முடிவுகளை மறுபடி வரவழைக்க முடியவில்லை, நோட்டில் சில முக்கியமான பதிவுகளும் இல்லை. அதை அவரே ட்விட்டரில் அறிவித்து மன்னிப்பும் கேட்டார். இப்படிச் செய்பவரையும் ஏமாற்றுக்காரரையும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசினால், நேர்மையானவர்களும் பயந்து வாய் திறக்க மாட்டார்கள்.

முத்திரை குத்திய பிறகும் அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழைய பிரதி கணினியில் கிடக்கும், அறிவிப்பு கண்ணில் பட்டிருக்காது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற குழு இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தரவுத்தளமாகத் தொகுத்தது. 2023-இல், ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடையாள எண் கொடுக்கும் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கட்டுரைகளைச் சேகரித்து வைக்க உதவும் ஜோட்டீரோ போன்ற மென்பொருள்கள் உங்கள் சேகரிப்பில் அப்படி ஒரு கட்டுரை இருந்தால் தாமாகவே எச்சரிக்கும். லான்செட்டும் 2020 செப்டம்பரில் விதியை மாற்றியது: தரவை நேரில் பார்த்துச் சரிபார்த்ததாக இனி ஒருவருக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் கையெழுத்திட வேண்டும்.